சாதம் போடும் கை

தஞ்சாவூர்ப் பட்டறையில் தோல் ஊறும் வாடைக்கு மூக்கு பழகக் கொஞ்ச நேரம் பிடித்தது. மூலையில் பலாக்கட்டைகள், சுவரில் எருமைத்தோல் வார்கள். நடுவில் சம்மணமிட்டு ஓர் அண்ணன் மிருதங்கத்தின் வலந்தலையில் சாதம் போட்டுக்கொண்டிருந்தார்.

சாதம் என்றால் நிஜமாகவே சோறுதான். குழைந்த சோற்றோடு கிட்டக்கல் பொடியைப் பிசைந்த கறுப்பு விழுது. மிளகளவு எடுத்துத் தோலின் நடுவில் தடவி, வழவழப்பான கல்லால் தேய்க்கிறார். காய்ந்ததும் இன்னொரு மிளகளவு. அவசரப்பட்டால் போச்சு. தேய்க்கத் தேய்க்கக் கறுப்பு வட்டத்தில் மயிரிழை வெடிப்புகள் ஓடின. அந்த வெடிப்புகள் இருந்தால்தான் கரணை என்கிற இந்தக் கறுப்பு வட்டம் தோலோடு சேர்ந்து அதிரும். "வெடிக்கலைன்னா கட்டையா அடிக்கும் சார்" என்றார்.

சி.வி. ராமன் 1920-ல் சக ஆய்வாளர் ஒருவருடன் 'நேச்சர்' இதழில் எழுதியதும் இந்த வட்டத்தைப் பற்றித்தான். வெறும் தோலின் அதிர்வுகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் இரைச்சலாகும். நடுவில் பாரம் ஏற்றினால் அவை தந்தியின் அதிர்வுகள்போல ஒழுங்குக்கு வரும். பட்டறைக் காதுகளுக்கு இது வெகுகாலம் முன்பே பிடிபட்டுவிட்ட சங்கதி.

தாளத்தில் வலுத்த அடி, மெலிந்த அடி என்பதெல்லாம் வாசிப்பவரின் கைபலம் என்று சபையில் உட்கார்ந்திருக்கும்போது தோன்றும். இங்கே கணக்கு வேறு. அண்ணன் நடுவில் அடித்து விரலை எடுக்காமல் 'தி' என்றார். ஓசை அங்கேயே அறுந்தது. மீட்டு என்கிற ஓரத்துத் தோலில் ஆள்காட்டி விரலைத் தட்டி எடுத்து 'நம்' என்றார், நின்று ஒலித்தது. கை போட்ட பலம் இரண்டுக்கும் ஒன்றுதான். மூடிய சொல்லை ஒட்டித் திறந்த சொல் வரும்போது காது தானாக அதற்கு எடை கொடுத்துவிடுகிறது.

அருணகிரிநாதரின் சந்தமும் இப்படித்தான். 'தத்த' என்று வல்லொற்று முட்டி நிறுத்தும். 'தந்த' என்று மெல்லொற்று ஓசையை வழியவிடும். யாப்பு நேர், நிரை என்று அசை பிரிப்பதும் குறில், நெடில், ஒற்று பார்த்துத்தான். ஆங்கிலக் கவிதையைப்போல எந்த அசையில் குரலை அழுத்துவது என்ற கேள்வியே அதில் எழுவதில்லை.

இடந்தலைக்குத் தனி வைத்தியம். கச்சேரிக்கு முன் பிசைந்த ரவையை ஒட்டுவார்கள், முடிந்ததும் சுரண்டி எடுப்பார்கள். 'தொம்' என்ற கனம் அந்த ஈர ரவை தருவது.

மிருதங்க வித்வான் பாலக்காடு மணி ஐயரைத் தெரியாத கச்சேரி ரசிகர் இருக்க மாட்டார். அவருக்கு மிருதங்கம் செய்துகொடுத்த தஞ்சாவூர் பர்லாந்தின் பெயர் என்னைப் போன்ற பலருக்கு எட்டியது, 2020-ல் பாடகர் டி.எம். கிருஷ்ணாவின் 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' நூல் வந்த பிறகுதான். மாட்டுத்தோலைப் பதப்படுத்தும் கைக்குத் தீட்டு, அதே தோலில் வாசிக்கும் கைக்குப் பொன்னாடை! இந்த அநியாயத்தைச் சபா வாசலில் யாரும் பேசிக் கேட்டதில்லை.

"கச்சேரிக்குப் போவீங்களா அண்ணே?"

"போவேன். பின்னாடி நின்னுக்கிட்டு வலந்தலை சுதி இறங்குதான்னு பாத்துக்கிட்டே இருப்பேன். பாட்டெல்லாம் எங்க சார் காதுல விழுது!"