மேனிக் மைனர்

'மேனிக் மைனர்' என்ற கம்ப்யூட்டர் விளையாட்டை நம் வயதுக்காரர்களில் பார்த்தவர்கள் குறைவு. 1983-ல் இங்கிலாந்தில் மேத்யூ ஸ்மித் என்ற 17 வயதுப் பையன் எழுதியது. இசட்.எக்ஸ். ஸ்பெக்ட்ரம் என்ற, ரப்பர் பொத்தான் வைத்த சின்னக் கம்ப்யூட்டருக்காக. அதன் நினைவகம் வெறும் 48 கே. இன்று கைபேசியில் எடுக்கும் ஒரு போட்டோவுக்கே அது போதாது.

நான் அதைப் பார்த்தது 1986-ல், பாரிசுக்குப் பக்கத்தில் அக்காள் வீட்டில். அத்தான் ரிட்டையரான சொல்தா. அக்காள் மகன் கேசட்டைப் போட்டுவிட்டு, கீச்சென்ற சத்தம் ஓடி முடியும்வரை யாரையும் பேச விடமாட்டான்.

வில்லி என்ற சுரங்கக்காரன். 20 குகைகள். ஒவ்வொன்றிலும் மினுக்கும் சாமான்களை எல்லாம் எடுத்துக்கொண்டு, காற்று தீருமுன் வாசலுக்குப் போய்ச் சேர வேண்டும். மிதித்தால் தரை கரையும். குதித்தபின் அந்தரத்தில் திரும்ப முடியாது. உயரத்திலிருந்து விழுந்தால் சாவு, செடி பட்டால் சாவு. மூன்று உயிர் போனதும் மேலிருந்து ஒரு பூட்ஸ் கால் இறங்கி அவனை நசுக்கும். பத்தொன்பதாம் குகையில் செத்தாலும் மறுபடி முதல் குகைதான். பின்னணியில் க்ரீக் என்ற நார்வேக்காரரின் இசை, ஓயாமல். "தம்பி, அந்தப் பாட்டையாவது நிறுத்தச் சொல்லேன்" என்பாள் அக்காள். அந்த ஒரு மாதத்தில் நான் பென்குவின்கள் உலாவும் இரண்டாம் குகையைத் தாண்டவில்லை.

போன வருஷம் கண்புரை ஆபரேஷன் முடிந்து வீட்டில் இருந்தபோது, பேரன் எமுலேட்டர் என்ற ஒன்றை லேப்டாப்பில் போட்டு அதே விளையாட்டைக் கொண்டுவந்தான். படம் தெளிவாகத் தெரிந்தது. விரல்தான் வரவில்லை. குதிக்க நினைப்பதற்கும் பொத்தானை அழுத்துவதற்கும் நடுவே ஒரு இடைவெளி. அந்த இடைவெளியில் வில்லி செத்துப்போகிறான். கையெழுத்துப் போடும்போதுகூட எனக்கு அது தெரிந்ததில்லை.

ஆனால் 1986-ல் கவனிக்காத ஒன்றை இப்போது கவனித்தேன். இதில் அதிர்ஷ்டத்துக்கு வேலையே இல்லை. பிராணிகள் எல்லாம் ஒவ்வொரு முறையும் அதே தடத்தில், அதே கணக்கில்தான் நடக்கின்றன. கஷ்டமான விளையாட்டு, ஆனால் நியாயமானது. (எத்தனை ஆபீசைப் பற்றி அப்படிச் சொல்ல முடியும்?) சின்ன வயதில் எங்கள் பள்ளியில் 'ரெசித்தாசியோன்' உண்டு. பிரெஞ்சுக் கவிதையை மனப்பாடம் செய்து மேடையருகே நின்று ஒப்பிக்க வேண்டும். ஒரு சொல் தடுக்கினால் முதல் வரியிலிருந்து. குகையையும் அப்படியே படித்தேன். பென்குவின் திரும்பும்போது இரண்டடி, பிறகு குதி.

பேரன் இரண்டு சலுகை சொன்னான். வேகத்தைப் பாதியாக்கலாம், அல்லது போன இடம்வரை சேமித்துவைத்து, செத்தால் அங்கிருந்தே தொடங்கலாம். முதலாவதை எடுத்துக்கொண்டேன், அது மூக்குக்கண்ணாடி மாதிரி. இரண்டாவது வேண்டாம் என்றேன். பூட்ஸ் காலுக்குப் பயமில்லாவிட்டால் இதில் என்ன இருக்கிறது? அவனுக்கு இது புரியவில்லை, சிரித்தான்.

பாதி வேகத்தில் ஒரு மாதம். பிறகு முக்கால். பொங்கலுக்குப் பின் முழு வேகம். இப்போது பென்குவின் அறையைத் தாண்டி, பறவைகள் உள்ள மூன்றாம் குகையையும் தாண்டி, நாலாவதான யுரேனியச் சுரங்கத்தில் நிற்கிறேன். பாரிசிலிருக்கும் அக்காள் மகனுக்குப் போனில் சொன்னேன். அவனுக்கும் ஐம்பது தாண்டிவிட்டது. "மாமா, அஞ்சாவதுல பாருங்க, நடுவுல ஒருத்தன் மேலயும் கீழயும் போவான். கடைசி சாமானை எடுத்ததும் வாசல்மேலயே வந்து உக்காந்துக்குவான்" என்றான்.