மரம் சாயலாம், மனிதன் சாயலாமா?

நாளேட்டின் ஏதோ ஒரு மூலையில், நான்கு வரிக்கு மேற்படாத ஒரு செய்தி அவ்வப்போது வருவதுண்டு. மரம் வெட்டச் சென்ற தொழிலாளி, கிளை முறிந்து விழுந்து மாண்டார் என்று அதில் இருக்கும். ஊர் இருக்கும், வயது இருக்கும், மனைவியும் இரு குழந்தைகளும் உண்டு என்பதும் இருக்கும். ஏன் மாண்டார் என்பது மட்டும் இருக்காது. படிப்போரும் அதைக் கேட்பதில்லை. "பாவம், விதி முடிந்துவிட்டது" என்று கூறிப் பக்கத்தைப் புரட்டுகின்றனர். அந்த ஒரு சொல், விசாரணையை நடத்தி, தீர்ப்பையும் எழுதி, கோப்பையும் கட்டிவைத்துவிடுகிறது!

எந்த விதி, தோழர்களே? நெற்றியில் எழுதப்பட்டிருப்பதாகச் சொல்கிறார்களே, அந்த விதியா? அன்றி, மேலே பிடிப்பை இழந்த பொருள் கீழே வந்தே தீரும் என்ற இயற்கையின் விதியா? முன்னதை எவரும் கண்டதில்லை. பின்னதை நாம் அளந்தே காட்டலாம். பத்து மீட்டர் உயரத்திலிருந்து விழும் கனத்த கிளை, ஏறத்தாழ 1.4 நொடியில் தரைக்கு வந்துவிடும். வந்து சேரும்போது அதன் வேகம் மணிக்கு 50 கிலோமீட்டர். மேலிருப்பவர் கூவி, கீழிருப்பவர் அண்ணாந்து பார்த்து, எந்தப் பக்கம் ஓடுவதென்று எண்ணி முடிப்பதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். பச்சை மரம், கன மீட்டருக்கு ஏறத்தாழ ஒரு டன் எடை கொண்டது. ஒரு மீட்டர் குறுக்களவும் பத்து மீட்டர் நீளமும் உள்ள அடிமரம் ஏழெட்டு டன் இருக்கும். சுமையேற்றிய லாரிக்கு முன்னால் கண்ணைக் கட்டிக்கொண்டு நிற்க எவரும் ஒப்பார். ஆனால் அத்தகைய எடைக்கு அடியில், ஒரு கோடரியையும் ஒரு பழைய தாம்புக்கயிற்றையும் கொடுத்து, அன்றாடம் ஒருவரை நிறுத்துகிறோம்.

நிறுத்துமுன் சடங்கு செய்யத் தவறுவதில்லை! பெரிய மரமென்றால் அதில் முனி இருக்கும் என்பார்கள். முனியைச் சமாதானப்படுத்த எலுமிச்சம்பழம் அறுப்பார்கள், கற்பூரம் கொளுத்துவார்கள், சில இடங்களில் கோழியும் காவு போகும். நல்ல நேரம் பார்ப்பார்கள். இராகுகாலம் கழிந்ததா என்று பார்ப்பவர், காற்று எப்பக்கம் வீசுகிறது என்று பார்ப்பதில்லை. முனிக்கு வழிவிடச் சொல்லி வேண்டுபவர், வெட்டுகிறவர் விலகி ஓட வழி இருக்கிறதா என்று நோக்குவதில்லை. கோழிக்குக் கொடுத்த விலையில் ஒரு தலைக்கவசத்துக்கு முன்பணமாவது கட்டியிருக்கலாம். அந்தக் கணக்கை எவரும் போடுவதில்லை.

இந்தத் தொழிலில் அறிவே இல்லையென்று நாம் சொல்ல வரவில்லை. அனுபவம் முதிர்ந்த மரவெட்டி ஒருவரைக் கவனித்துப் பாருங்கள். கோடரியின் பின்புறத்தால் அடிமரத்தைச் சுற்றிச்சுற்றித் தட்டுவார். காதைக் கொடுத்துக் கேட்பார். உள்ளே உளுத்துப்போயிருந்தால் ஓசை வேறாக வரும். அவர் வாயில் மந்திரம் இல்லை. கையில் சோதனை இருக்கிறது. தட்டினார், கேட்டார், ஒப்பிட்டார், முடிவு செய்தார். ஆய்வுக்கூடத்தில் நடப்பதும் இதுதான். அண்ணாந்து பார்த்து, மரம் எப்பக்கம் சாய்ந்திருக்கிறது, கிளைகளின் கனம் எப்பக்கம் மிகுதி, காய்ந்து தொங்கும் கிளை ஏதும் உண்டா, மின்கம்பி அருகிலிருக்கிறதா என்று ஆராய்வதும் அந்த அறிவின் பகுதியே. நாம் போற்றவேண்டியது இந்த அறிவை, பரப்பவேண்டியதும் இதைத்தான்.

அந்த அறிவு என்ன சொல்கிறது? முதலில் வழி. மரத்தடியிலுள்ள புதரையும் கல்லையும் அகற்றி, விலகிச் செல்ல இரண்டு வழிகள் ஆயத்தமாக இருக்கவேண்டும். மரம் விழும் திசைக்கு நேர் எதிரே ஓடுவது தவறு. விழும் வேகத்தில் அடிமரம் பின்னோக்கி உதைப்பதுண்டு. ஆகவே, பின்புறமாக இடத்திலும் வலத்திலும் சாய்வாக 45 பாகையில் செல்லும் வழிகளே காப்பானவை. வேலையில் பங்கில்லாத எவரும், மரத்தின் உயரத்தைப்போல் இரு மடங்கு தொலைவுக்குள் நிற்கக்கூடாது. வேடிக்கை பார்க்கும் சிறுவர்களைப் பெற்றோர் இழுத்துப் பிடிக்கவேண்டிய தொலைவு அது.

அடுத்தது வெட்டு. விழவேண்டிய பக்கத்தில், ஆப்பு வடிவில் ஒரு வாய் திறக்கவேண்டும். அதன் ஆழம் குறுக்களவில் ஐந்திலொரு பங்கிலிருந்து நாலிலொரு பங்குவரை. அதன் திறப்பு 45 பாகைக்குக் குறையாமல். பிறகு எதிர்ப்பக்கத்திலிருந்து, வாயின் அடிக்கோட்டுக்குச் சற்று மேலாகப் பின்னறுப்பு. இரண்டு அறுப்புகளும் சந்தித்துவிடக் கூடாது. நடுவே குறுக்களவில் ஏறத்தாழ பத்திலொரு பங்கு தடிமன், இப்புறம் முதல் அப்புறம்வரை சீராக, அறுபடாமல் நிற்கவேண்டும். கதவுக்குக் கீல் எப்படியோ, சாயும் மரத்துக்கு அந்தப் பகுதி அப்படி. கீல் இருக்கும்வரை கதவு சொன்ன திசையில் அசையும். கீல் கழன்றால் கதவு யார்மீது விழும் என்று எவராலும் சொல்லமுடியாது. "இன்னும் கொஞ்சம் அறு, விழுந்துவிடும்" என்று கீழே நிற்பவர் அவசரப்படுத்தும் அந்தக் கடைசி நொடியில், அறுபடுவது பெரும்பாலும் இந்தக் கீல்தான். அறுப்பதற்குப் பதில் பின்னறுப்பில் ஆப்பு அடித்தால், வாளும் சிக்காது. மரமும் பின்னோக்கி அமராது. சாயவேண்டிய பக்கம் சாயும்.

ஒரு பக்கம் மிகவும் சாய்ந்து நிற்கும் மரத்துக்கு வேறு எச்சரிக்கை வேண்டும். வழக்கம்போல் பின்னறுப்புப் போட்டால், அறுப்பு முடியுமுன்பே அடிமரம் நெடுக்காகப் பிளந்து, பிளந்த பாதி மேலெழுந்து வெட்டுகிறவரின் முகத்திலோ மார்பிலோ அறையக்கூடும். அங்கே கைதேர்ந்தவர்கள் செய்வது வேறு: கீலுக்குப் பின்னால் வாளை ஊடுருவச் செலுத்தி நடுப்பகுதியை முதலில் அறுத்துவிட்டு, பின்புறத்தில் ஒரு பிடிப்பை விட்டுவைத்து, விலகும் வழியில் காலை வைத்துக்கொண்டு அதைக் கடைசியாக அறுப்பார்கள். தென்னையும் பனையும் இன்னொரு வகை. அவற்றில் வெளிப்புறம் வலிது, உட்புறம் மெது, கீலை நம்பமுடியாது. வீட்டருகே நிற்கும் தென்னையை மேலிருந்து துண்டுதுண்டாக இறக்குவதன் காரணங்களில் இதுவும் ஒன்று. முருங்கையோ சொல்லவே வேண்டாம். வேதாளம் முருங்கை மரம் ஏறியது கதை. மனிதர் ஏறினால் கிளை முறியும் என்பது உண்மை.

தரையில் நின்று வெட்டுவதே இவ்வளவு கணக்குடையது என்றால், ஏறி நின்று வெட்டுவது எத்தகையது? இதை நாம் ஏட்டில் மட்டும் படிக்கவில்லை. சாலையை அகலப்படுத்துவதற்காக நம் ஊர்ப்புறத்தில் புளியமரங்கள் வெட்டப்பட்ட நாளில், இளைஞர் ஒருவர் வெறுங்காலோடு ஏறினார். இடுப்பில் கயிறு இல்லை. தோளுக்கு நேராக இருந்த பெருங்கிளையை மேற்புறத்திலிருந்து மட்டும் வெட்டினார். பாதி வெட்டியதும் கிளை தன் கனத்தால் முறிந்தது. ஆனால் அறுந்து போகாமல், கீழ்ப்புறப் பட்டையோடு நெடுக உரிந்து, ஊஞ்சல்போல் திரும்பி வந்து அவரை அடித்தது. இடுப்பெலும்பு முறிந்தது. ஒப்பந்தக்காரர் மருத்துவமனைவரை வந்தார். சில நூறு ரூபாய்த் தாள்களைத் தலையணையின்கீழ் வைத்துவிட்டுச் சென்றார். மறுநாள் வேறு ஆள் ஏறினார்.

நாம் பார்க்கச் சென்றபோது, அவருடைய தாயார் எந்தத் தெய்வத்துக்கு என்ன குறை வைத்தோம் என்று எண்ணி எண்ணி அழுதுகொண்டிருந்தார். இளைஞர் அழவில்லை. "அண்ணே, அடுத்த கட்டிலில் இருக்கிற பெரியவர் நாற்பது வருடம் மரம் வெட்டினவராம். கிளைக்குக் கீழே முதலில் ஓர் அறுப்புப் போட்டுவிட்டு, அப்புறம் மேலே அறுத்திருந்தால் உரிந்திருக்காது என்கிறார். இதை முன்னாடி யாரும் சொல்லவில்லையே" என்றார்.

இதை முன்னாடி யாரும் சொல்லவில்லை! நெற்றியெழுத்து என்று ஊர் சொன்னதை, படுக்கையில் கிடந்தவர் ஒரே வரியில் திருத்திவிட்டார். கீழே ஓர் அறுப்பு, சற்றுத் தள்ளி மேலே ஓர் அறுப்பு, கிளை போனபின் எஞ்சியதைச் சீராக்க மூன்றாவது அறுப்பு. மூன்று நிமிடத்தில் கற்பிக்கக்கூடிய பாடம் ஒருவரின் இடுப்பைக் காத்திருக்கும். கற்பிக்கவேண்டியவை இன்னும் உண்டு. இடுப்பு வாரிலிருந்து செல்லும் கயிறு, வெட்டப்படும் கிளையில் இருக்கவே கூடாது. உறுதியான அடிமரத்தைச் சுற்றியிருக்கவேண்டும். வாள் ஓடும்போது இரண்டு பிணைப்புகள் வேண்டும். ஒன்று தவறி அறுபட்டாலும் மற்றொன்று தாங்கும். கனத்த கிளையைக் கயிற்றில் கட்டி மெல்ல இறக்கவேண்டும். கயிறு பிடித்து மரத்தைச் சாய்ப்பவர்கள், மரத்தின் உயரத்தைவிடத் தொலைவில், கப்பி வைத்துத் திசையை மாற்றிப் பக்கவாட்டில் நிற்கவேண்டும். மரம் விழும் கோட்டிலேயே நின்று இழுப்பது சாவை நோக்கி இழுப்பது. அருகே மின்கம்பி இருந்தால், மின்வாரியம் மின்னோட்டத்தை நிறுத்திய பிறகே ஏறவேண்டும். பச்சைக் கிளையும் நனைந்த கயிறும் மின்சாரத்தைக் கடத்தும். மேலே ஒருவர் ஏறினால், அவரை இறக்கத் தெரிந்த இன்னொருவர் கீழே இருக்கவேண்டும்.

இவற்றைச் சொன்னால், "அவர்களுக்கு இதெல்லாம் வேண்டாம், பிறவியிலேயே மரமேறத் தெரிந்தவர்கள்" என்று சிரிப்போர் இருக்கிறார்கள். இதைவிட நஞ்சான புகழ்ச்சி வேறில்லை. பிறவியில் வந்த திறமை என்றால் பயிற்சி தரவேண்டாம். பயிற்சி தராவிட்டால் செலவில்லை. விழுந்தால் அவரவர் தலைவிதி! வருணத்தின் பொய், முதலாளியின் பணப்பையைக் காக்கும் பூட்டாகவும் பயன்படுகிறது. அந்தப் பொய்யை உடைத்துக் காட்டிய சான்று ஒன்று உண்டு. தென்னை வளர்ச்சி வாரியம் 2011-ஆம் ஆண்டில் 'தென்னை மரங்களின் நண்பர்கள்' என்ற பயிற்சித் திட்டத்தைத் தொடங்கியது. ஏறும் கருவியைக் கொண்டு மரமேறக் கற்றுக்கொடுத்தார்கள். கற்றவர்களில் பெண்களும் இருந்தார்கள். தென்னையின் உச்சி, ஏறுகிறவரின் குலம் எதுவென்று கேட்கவில்லை.

புயல் நாட்களில் இந்தக் கல்வியின்மை இன்னும் கொடிதாகிறது. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையின் சாலைமரங்களைச் சாய்த்தது. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வேதாரண்யம் அருகே கரை கடந்தபோது, காவிரிப்படுகையின் தென்னந்தோப்புகள் தோப்பாகவே படுத்தன. அத்தகைய நாட்களில், அரிவாளைக்கூட எடுத்துப் பழகாதவர்களும் உதவும் நல்லெண்ணத்தோடு வாளைத் தூக்குகிறார்கள். நல்லெண்ணத்தை வணங்குகிறோம், ஆனால் விழுந்த மரம் செத்த பாம்பன்று. வளைந்து அழுந்திக்கிடக்கும் கிளை, வில்லைப்போல் விசையைத் தேக்கிவைத்திருக்கிறது. தவறான பக்கத்தில் அறுத்தால் தெறித்து அடிக்கும். வேரோடு பெயர்ந்த மரத்தின் அடியை அறுத்ததும், மண்ணோடு கூடிய வேர்ப்பகுதி மீண்டும் நிமிர்ந்து குழிக்குள் அமர்வதுண்டு. அக்குழிக்குள் சிறுவர்கள் விளையாடிக்கொண்டிருந்தால்?

சட்டம் இல்லாமலில்லை. 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம், கள்ளிறக்குதலையும் மரம் வெட்டுதலையும் தன் அட்டவணையில் சேர்த்துக்கொண்டது. 1998-இல் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு, காட்டு வேலைகளின் பாதுகாப்புக்கென்றே நெறிமுறை நூலொன்றை வெளியிட்டது. ஏட்டில் ஏறிய நீதி, இன்னும் மரத்தடிக்கு இறங்கவில்லை. தினக்கூலிக்கு வந்தவரின் பெயர் எந்தப் பதிவேட்டிலும் இல்லையென்றால், இழப்பீட்டை யாரிடம் கேட்பது?

ஆகவே, இளந்தோழர்களே, உங்கள் தெருவில் ஒரு மரம் வெட்டப்படும் நாளில் வேடிக்கை பார்க்க நிற்காதீர்கள். கேள்வி கேட்க நில்லுங்கள். மின்னோட்டம் நிறுத்தப்பட்டதா? ஏறுகிறவரின் இடுப்பில் கயிறும் தலையில் கவசமும் உண்டா? விலகும் வழி எது? சுற்றியுள்ளோர் இரு மடங்கு தொலைவுக்கு விலகினார்களா? அடிபட்டால் செலவு யாருடையது, அவர் பெயர் எங்கே எழுதப்பட்டிருக்கிறது? கேட்டால் ஒப்பந்தக்காரர் முகம் சுளிப்பார்; பரவாயில்லை. படிப்பகத்தில் ஒரு மாலையை ஒதுக்கி, நாற்பது ஆண்டு மரம் வெட்டிய பெரியவர் ஒருவரை நாற்காலியில் அமர்த்தி, இளம் தொழிலாளர்களைக் கூட்டி, அவர் அறிந்ததைச் சொல்லச் சொல்லுங்கள். மருத்துவமனைக் கட்டிலில் கிடைத்த பாடம், மரம் ஏறுமுன் கிடைக்கட்டும்.