பேராளரும் வாக்குறுதியும்

திருக்குறளின் தூது அதிகாரத்திற்கு உரை வகுத்த பரிமேலழகர், தூதரை இரு வகையினராகப் பகுப்பார். இடமும் காலமும் அறிந்து தாமே வகுத்துரைப்போர் ஒரு வகையினர். அரசன் கூறியதை மட்டுமே கூறுவோர் மற்றொரு வகையினர். அமெரிக்கக் கட்சி மாநாடுகளில் அதிபர் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் பேராளர், இவ்விருவருள் யாவர் என்பது அந்நாட்டில் நெடுங்காலமாகத் தீராத வழக்காகும்.

முன்னாளில் மாநிலக் கட்சித் தலைவர்களே பெரும்பாலான பேராளரைத் தெரிவு செய்தனர். 1968இல் சிகாகோவில் கூடிய ஜனநாயகக் கட்சி மாநாட்டில், முதனிலைத் தேர்தல் ஒன்றிலேனும் போட்டியிடாத ஹியூபர்ட் ஹம்ஃப்ரி வேட்பாளரானார். வெளியே வியட்நாம் போரை எதிர்த்த இளைஞர்கள் காவலரின் தடியடிக்கு ஆளாயினர். மக்கள் குரல் மண்டபத்தினுள் நுழையவில்லை என்ற மனக்குமுறலே சீர்திருத்தக் குழுவைத் தோற்றுவித்தது. 1972 முதல், கட்சியினர் யாவரும் பங்குபெறும் திறந்த முறையிலேயே பேராளர் தேர்வு நடைபெறலாயிற்று.

இன்று ஜனநாயகக் கட்சியில், ஒரு மாநிலத்தில் 15 விழுக்காட்டு வாக்கேனும் பெற்ற வேட்பாளருக்கு வாக்கின் அளவுக்கேற்பப் பேராளர் கிட்டுவர். தம் பெயரால் செல்ல விரும்புவோரை ஏற்கவும் விலக்கவும் வேட்பாளருக்கு உரிமையுண்டு. குடியரசுக் கட்சியிலோ, சில மாநிலங்களில் வென்றவருக்கே அனைவரும் உரியர். அங்குப் பேராளர் பல மாநிலங்களில் தனியே தெரிவு செய்யப்படுவதால், தம் மனம் விரும்பாதவருக்கே வாக்களிக்கும் கடப்பாடு ஒருவருக்கு நேர்வதும் உண்டு.

கட்டுப்பாடு எவ்வளவு இறுக்கமாக இருத்தல் வேண்டும்? 1980இல் நியூயார்க் மாநாட்டில் இவ்வினா வெடித்தது. பேராளருக்கு விடுதலை வேண்டும் என்றனர் எட்வர்டு கென்னடியின் அணியினர். மக்கள் அளித்த தீர்ப்பை மாற்றலாகாது என்றனர் அதிபர் கார்ட்டரின் அணியினர். வாக்கெடுப்பில் கட்டுப்பாடே வென்றது; அன்றிரவே கென்னடி விலகினார். ஆயினும் அடுத்த தேர்தலுக்குள் அவ்விதி தளர்ந்தது. தம்மைத் தேர்ந்தோரின் உணர்வை மனச்சான்றோடு பேராளர் எதிரொலித்தல் வேண்டும் என்பதே புதிய விதியாயிற்று. குடியரசுக் கட்சியோ எதிர்த்திசையில் நடந்தது. 2012இல் அது வகுத்த விதிப்படி, பேராளர் வேறொருவர் பெயரைச் சொன்னாலும், அவருடைய கடப்பாட்டின்படியே வாக்குப் பதிவாகும்.

2024 ஜூலை 21ஆம் நாள் அதிபர் பைடன் போட்டியினின்று விலகியபோது, அவருக்கென உறுதி பூண்டிருந்த ஏறத்தாழ 3,900 பேராளரும் கட்டற்றவராயினர். தூது அனுப்பியவர் விலகிக்கொள்ள, தூதர் மட்டுமே எஞ்சினர். ஆகஸ்டுத் தொடக்கத்தில் அவர்கள் கமலா ஹாரிசைத் தேர்ந்தனர். மக்கள் நேரே அவருக்கு வாக்களிக்கவில்லையே என்று சிலர் குறைகூறினர். இத்தகைய இக்கட்டுக்கென்றே பேராளர் உள்ளனர் என்று சிலர் விடையிறுத்தனர்.

இரண்டிலும் உண்மையுண்டு. கட்டு முற்றும் அவிழ்ந்தால், மக்கள் இட்ட வாக்கு மதிப்பிழக்கும். கட்டு முற்றும் இறுகினால், பேராளரை மாநாட்டுக்கு அனுப்பவே தேவையில்லை. எண்களை அனுப்பினாலே போதும். ஆகவே, சொன்னதைச் சொல்லும் நேர்மையும், சொல்லாதது நேருங்கால் வகுத்துரைக்கும் அறிவும் ஒருங்கே உடையாரைத் தெரிவதே வாக்காளர் கடன்.