வெள்ளியங்கிரிக்கு மூட்டை கட்டுமுன்

கோயம்புத்தூருக்கு மேற்கே, பூண்டி அடிவாரத்தில் நின்று வெள்ளியங்கிரியை அண்ணாந்து நோக்கும்போதுதான் தோளிலுள்ள மூட்டை நம் நினைவுக்கு வருகிறது. ஏழு மலைகளைக் கடந்தால்தான் ஆண்டவர் தரிசனம். "எதற்கும் இருக்கட்டும்" என்று வீட்டில் திணித்த பண்டங்களெல்லாம் முதல் மலையின் படிகளிலேயே தத்தம் எடையை அறிவித்துவிடுகின்றன!

நமக்கு வேண்டியவை சிலவே. அடிவாரத்தில் கிடைக்கும் மூங்கில் தடி, ஏறும்போது துணை. இறங்கும்போது மூன்றாவது கால். இரவில் ஏறுவோருக்குக் கைவிளக்கு அவசியம். கட்டுச்சோறும், சிறிது வெல்லமும் கடலையும் போதும். ஒரு செம்பு நீருடன் புறப்பட்டால், பாம்பாட்டிச் சுனையிலும் கைதட்டிச் சுனையிலும் நிரப்பிக் கொள்ளலாம்.

எடைக்கு அஞ்சிக் கம்பளியை மட்டும் விட்டுச் செல்லலாகாது. உச்சியில் வீசும் குளிர்காற்று யாருக்கும் தாட்சண்யம் காட்டாது. சிக்கனம் வேறு, அசட்டுத் துணிச்சல் வேறு. 2024-ஆம் ஆண்டில் இம்மலையேற்றத்தின்போது மூச்சுத் திணறி உயிர் நீத்த பக்தர்கள் உண்டு. மூட்டையைக் குறைப்பது மூச்சைச் சேமிப்பதேயாகும். இருதய நோயுடையோர் வைத்தியரைக் கேளாமல் புறப்படுவது தகாது.

இன்னும் ஒன்று: கொண்டு சென்ற காகிதமும் பிளாஸ்டிக்கும் நம்முடனேயே இறங்கவேண்டும். மலை நமக்குத் தெய்வம், சுமைதாங்கி அன்று.