சோழியும் ஸ்டெல்லேரியமும்

சனி கும்பத்திலிருந்து மீனத்துக்குப் பெயர்ந்தது எப்போது? 2025 மார்ச் 29 என்றது திருக்கணிதப் பஞ்சாங்கம். திருநள்ளாறு கோயில் பின்பற்றும் வாக்கியப் பஞ்சாங்கமோ 2026 மார்ச் 6 என்றது. வானத்தில் இருப்பது ஒரே சனிதானே என்று கேட்கத்தான் கும்பகோணம் பக்கத்தில் ஒரு பஞ்சாங்கக் கணிதர் வீட்டுக்குப் போனோம். பெரியவர் பேரனின் லேப்டாப்பில் செவ்வாயைத் துரத்திக்கொண்டிருந்தார்.

ஸ்டெல்லேரியம் இலவச மென்பொருள். பிரான்சின் ஃபாபியன் ஷெரோ 2000-இல் தொடங்கியது. ஊரையும் தேதியையும் கொடுத்தால் அன்றைய வானத்தை விரிக்கும். கிரகத்தின் தடம் தெரியும்படி வைத்துவிட்டு, பேரன் '=' விசையைத் தட்டினான்; தட்டுக்கு ஒரு நாள். 2024 டிசம்பர் தொடக்கத்தில் கடகத்தில் தயங்கி நின்ற செவ்வாய், மேற்கே திரும்பி மிதுனத்துக்குள் போனது. பிப்ரவரி கடைசியில் மறுபடி கிழக்கே நடந்தது. உள்வட்டத்தில் வேகமாகச் சுற்றும் பூமி செவ்வாயை முந்தும்போது நமக்குத் தெரியும் தோற்றம் இது. திரையில் ஒரு சுருக்கு விழுந்திருந்தது.

“வக்ரம்னு ஐம்பது வருஷமா எழுதறேன். அது இப்படி வளையும்னு இப்பதான் பார்க்கறேன்.”

இதில் கேலிக்கு இடமில்லை. வாக்கியக் கணிதத்துக்கு வானத்தைப் பார்க்கும் அவசியமே கிடையாது. அதுதான் அதன் சாமர்த்தியம். கலியுகத் தொடக்கத்திலிருந்து எண்ணிய நாள்களில் ஒரு பழைய எண்ணைக் கழித்து, மீதியை 12,372, 3,031, 248 ஆகியவற்றால் வரிசையாக வகுக்க வேண்டும். கடைசியில் மிஞ்சும் எண்ணுக்கு உரிய வாக்கியத்தில், அதாவது எழுத்துகளே எண்களாக நிற்கும் சொற்றொடரில், சந்திரன் நிற்கும் இடம் இருக்கும். 248 நாளில் சந்திரன் பூமிக்கு அருகே வந்து விலகும் சுற்று ஒன்பது முறை முடிந்துவிடும்; அதனால் வாக்கியங்களும் 248. அந்த எண்ணுக்கே ‘தேவர’ என்று ஒரு குறி: த எட்டு, வ நான்கு, ர இரண்டு. பின்னாலிருந்து படித்தால் 248! அதற்குப் பிறகு வந்த திருத்தங்கள் நமக்குப் பிடிபடவில்லை.

வாக்கியத்தில் சனிக்கு வைத்த எண்களும் பல நூற்றாண்டு பழையவை. சனி ஒரு ராசியைக் கடக்கவே இரண்டரை வருடம் எடுக்கும். ஆகவே கணக்கில் சில பாகை பிசகினாலும் தேதி மாதக்கணக்கில் தள்ளிப்போகும்.

இத்தனை கணக்குக்கும் அச்சகம் தருவது ஒரே தொகை. பெயர்ச்சிப் பலன் புத்தகத்தின் அட்டையில் பலன் சொன்னவர் சிரிக்கிறார். கணித்தவர் பெயர் உள்ளேயும் இல்லை. கணக்குப் போட்டவருக்குக் கூலி, கதை சொன்னவருக்கு மாலை. இந்த ஆத்திரம் நமக்குத்தான். பெரியவர் அதைப் பேசவே இல்லை.

அவரை நிமிர வைத்தது நாம் சொன்ன வேறு செய்தி. ஜான் வாரன் என்ற அதிகாரிக்குப் புதுச்சேரியில் ஒரு தமிழ்க் கணிதர், தரையில் சோழிகளை அடுக்கி, மனப்பாட அட்டவணைகளைக் கொண்டே 1825-இன் சந்திர கிரகணம் ஒன்றைக் கணித்துக் காட்டினார். தொடக்கம் 4 நிமிடம், நடு 23, முடிவு 52 நிமிடம் பிசகியது.

“முடிவுல மட்டும் ஏன் அவ்வளவு?” என்றவர் பென்சிலைத் தேடினார். “டேய், அந்த ராத்திரியை எடு. ஊர் புதுச்சேரின்னு போடு.”