அழைப்பு நோட்டு

மன்னார்குடிப் பக்கம் எங்கள் பெரியப்பா வீட்டில் ஒரு கல்யாணம் நிச்சயமானால், பத்திரிகை அடிக்கக் கொடுப்பதற்கு முன்பே பரணிலிருந்து ஒரு நீள நோட்டு இறங்கும். தெருத் தெருவாக, ஊர் ஊராக எழுதிய பெயர்கள். யாரை நேரில் போய் வெற்றிலை பாக்கு வைத்து அழைக்க வேண்டும், யாருக்குத் தபாலில் போட்டால் போதும், எந்த வீட்டுக்குத் தம்பதியாகப் போனால்தான் முறை என்பதெல்லாம் பெயருக்குப் பக்கத்தில் குறித்திருக்கும். சில பெயர்களின் மேல் கோடு இழுத்து, கீழே மகன் பெயர் எழுதியிருக்கும். தாத்தா கையெழுத்தில் தொடங்கிய நோட்டு, பெரியப்பா கைக்கு மாறி, கடைசிப் பக்கங்களில் அண்ணியின் கையெழுத்தாக ஆகியிருந்தது.

கூட்டங்களுக்கு அழைப்பு அனுப்பும் ஒரு சின்ன இணையக் கருவியை ஏற்று நடத்த ஒப்புக்கொண்ட நாட்களில்தான் அந்த நோட்டு மறுபடி ஞாபகத்துக்கு வந்தது. முன்பு என்னோடு வேலை பார்த்த அண்ணன் ஒருவர் ராத்திரி நேரங்களில் உட்கார்ந்து எழுதிய கருவி அது. எங்கே, எப்போது, என்ன கூட்டம் என்று நிரப்பினால் ஒரு பக்கம் உருவாகும். அதன் சுட்டியை வாட்ஸ்அப்பில் அனுப்பலாம். வருகிறேன், வரவில்லை, பிறகு சொல்கிறேன் என்று மூன்று பொத்தான்கள். எத்தனை பேர் என்று ஒரு கட்டம். அவ்வளவுதான். வாசகர் வட்டங்கள், பள்ளிக்கரணைக்குப் பறவை பார்க்கப் போகிறவர்கள், பழைய மாணவர்கள், அறுபதாம் கல்யாண வீட்டுக்காரர்கள் என்று ஒரு கூட்டம் அதை நம்பியிருந்தது.

அம்மாவைப் பார்த்துக்கொள்ள ஊரோடு போய்விட்ட பிறகு அவரால் முடியவில்லை. “மூடிடலாம்னுதான் இருந்தேன் தம்பி. ஆனா உள்ள ஜனங்க இருக்காங்களே” என்றார். காசு வேண்டாம் என்றார். இரண்டு வாக்கு மட்டும் கேட்டார்: ஒரு போன் நம்பர்கூட வெளியே போகக் கூடாது, மூடுவதாக இருந்தால் மூன்று மாதம் முன்னதாகவே எல்லோருக்கும் சொல்லிவிட வேண்டும்.

அந்த இரண்டாவது வாக்கு ஏன் முக்கியம் என்பதற்கு அப்கமிங் கதை ஒன்றே போதும். ஊரில் என்னென்ன நடக்கிறது என்று மக்களே எழுதிவைக்கும் நிகழ்ச்சி நாட்காட்டி அது. அமெரிக்காவில் ஆண்டி பயோ 2003இல் தொடங்கினார்; 2005இல் யாஹூ வாங்கியது; 2013 ஏப்ரலில் அறிவித்து அந்த மாதக் கடைசியிலேயே மூடிவிட்டது. பத்து வருஷத்துக் கூட்டங்களின் பதிவு. ஆர்க்கைவ் டீம் என்ற தன்னார்வலர்கள் விழுந்தடித்துக்கொண்டு அள்ளி வைத்திராவிட்டால் எல்லாம் போயிருக்கும். மறு வருஷம் பயோ அந்த இணைய முகவரியைத் திரும்ப வாங்கி, கிக்ஸ்டார்ட்டரில் மக்களிடம் பணம் திரட்டினார். தான் விற்றதைத் தானே மீட்கப் போன அந்த மனசு எனக்குப் பெரிதாகப் படுகிறது.

ஒப்படைப்பு என்றால் சாவி கொடுப்பது மாதிரி ஒரே வேலை என்று வெளியிலிருந்து தோன்றும். நிரல் ஒரு இடத்தில், தரவு ஒரு இடத்தில், மின்னஞ்சல் அனுப்பும் கணக்கு இன்னொரு இடத்தில். இணைய முகவரிக்கான ஆண்டுக் கட்டணம் அவருடைய கார்டிலிருந்து தானாகப் போய்க்கொண்டிருந்தது. அந்தக் கார்டு காலாவதியாகியிருந்தால், யாரும் மூடாமலேயே எல்லாம் மூடிப்போயிருக்கும். சிறு கருவிகள் பல இப்படித்தான் சாகின்றன.

குறுஞ்செய்தி அனுப்பும் வசதி முன்பே நின்றுபோயிருந்தது. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2018இல் கொண்டுவந்த விதிகளின்படி, மொத்தமாகச் செய்தி அனுப்புகிறவர் தன் பெயரையும் ஒவ்வொரு செய்தியின் வாசக அமைப்பையும் முன்கூட்டியே பதிவு செய்திருக்க வேண்டும். தொல்லை அழைப்புகளால் நொந்துபோன நாட்டுக்கு நல்ல விதிதான். தனி ஆள் நடத்தும் கருவிக்குத்தான் அது மலை. மின்னஞ்சலுக்கும் 2024 பிப்ரவரியிலிருந்து கூகுளும் யாஹூவும் கெடுபிடியைக் கூட்டின. அனுப்புகிறவர் இன்னார்தான் என்பதற்கான பதிவுகளை முகவரியில் சேர்க்காவிட்டால் அழைப்பு ஸ்பாமில் போய் விழும், இல்லை போய்ச் சேரவே சேராது. அழைப்பு வரவில்லை என்பது நம் ஊரில் லேசான விஷயமா? ஒரு பத்திரிகை விட்டுப்போனதற்காகப் பத்து வருஷம் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்த பங்காளிகளை எனக்குத் தெரியும். பெரியப்பா அந்த நோட்டை மூன்று முறை சரிபார்த்ததன் காரணம் அதுதான்.

தரவைத் திறந்து பார்த்தது வேறொரு அனுபவம். தேதி வரிசையில் கீழே இறங்கிக்கொண்டே வந்தால் 2020 மார்ச்சில் வரிக்கு வரி ‘ரத்து’ என்று நிற்கிறது. கொஞ்சம் தள்ளி, இடம் என்ற கட்டத்தில் மண்டபத்தின் பெயருக்குப் பதிலாக ஜூம் சுட்டிகள். அதற்கும் பிறகு சில வட்டங்கள் திரும்பி வந்திருக்கின்றன, பல வரவேயில்லை. மாதம் தவறாமல் கூடிய ஒரு வாசகர் வட்டத்தின் கடைசி அழைப்பில் விவாதிக்க வேண்டிய நாவலின் பெயர்கூட எழுதியிருக்கிறது. நோட்டில் பெயர்களின் மேல் இழுத்த கோடுகளை ஒரு முறை அண்ணி விரலால் தடவியது எனக்கு இப்போதுதான் விளங்குகிறது.

கருவியில் இருந்த அழைப்புப் பக்கங்களில் ஒன்றைப் பற்றி ஒரு பெண் எழுதினார். தன் அப்பாவின் மணிவிழாவுக்கு அழைத்த பக்கம் அது. அப்பா இப்போது இல்லை. யார் யார் வருவதாகச் சொன்னார்கள் என்பது அங்கேதான் இருக்கிறது, அழித்துவிட வேண்டாம் என்று கேட்டிருந்தார். அண்ணன் சொன்ன ஜனங்கள் இவர்கள்தான். அழிக்கவில்லை. எல்லாவற்றையும் ஒரு கோப்பாக இறக்கி அவருக்கு அனுப்பியும் வைத்தேன். அப்படி இறக்கிக்கொள்ளும் வசதியைப் பிறகு எல்லோருக்கும் வைத்தேன்.

அது அவ்வளவு கடினமும் இல்லை. நாட்காட்டிக் கோப்புகளுக்கான பொது வடிவம் 1998லேயே வகுத்து, 2009இல் செப்பனிட்டு வைத்திருக்கிறார்கள். இடம், நேரம் மட்டுமல்லாமல், அழைக்கப்பட்டவர் ஒப்புக்கொண்டாரா, மறுத்தாரா, உறுதியில்லையா, இன்னும் பதிலே சொல்லவில்லையா என்பதற்கும் அதில் இடம் உண்டு. யாருக்கும் சொந்தமில்லாத வடிவம். எந்தக் கருவி செத்தாலும் அந்தக் கோப்பை இன்னொன்றில் திறக்கலாம்.

பெரிய கருவிகளுக்கு மட்டும் நிலையான வீடு உண்டா என்ன? நியூயார்க்கில் 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு, முன்பின் பேசாத அண்டை வீட்டார் ஒருவரையொருவர் பார்த்துப் பேச ஆரம்பித்ததைக் கண்டு ஸ்காட் ஹைபர்மேன் நண்பர்களோடு 2002இல் தொடங்கியது, குழுக்கள் கூட்டம் கூட்ட உதவும் மீட்டப் தளம். 2017இல் வீவொர்க் நிறுவனம் வாங்கியது, 2020இல் விற்றது, 2024இல் இத்தாலியின் பெண்டிங் ஸ்பூன்ஸ் கைக்குப் போனது. ஒவ்வொரு முறையும் உள்ளே இருந்த குழுக்களும் சேர்ந்தே கைமாறின. அவர்களில் யாரையும் கேட்டா விற்றிருப்பார்கள்?

நான் வைத்திருக்கும் கருவி என் காலத்துக்குப் பிறகு யாரிடம் போக வேண்டும் என்று எழுதி வைத்திருக்கிறேன். அவருக்கும் அது தெரியும். அந்த இரண்டு வாக்கையும் அவரிடமும் வாங்கியாகிவிட்டது. நீங்களும் ஒரு வட்டமோ சங்கமோ நடத்துகிறவராக இருந்தால், உங்கள் ஆட்களின் பட்டியலை இன்றைக்கே ஒரு பிரதி இறக்கி உங்கள் கையில் வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் பயன்படுத்தும் கருவியை நடத்துகிறவருக்கு, உங்களுக்குப் பிறகு இதை யார் பார்த்துக்கொள்வார் என்று கேட்டு ஒரு வரி எழுதுங்கள்.