பேரன் கேட்ட இரண்டாம் பாகம்

போன வாரம் எங்கள் நாகல் நகர் வீட்டில் ஒரு வழக்கு நடந்தது. வாதி, பதினொன்றாம் வகுப்பு படிக்கும் என் பேரன். நீதிபதி நான். வழக்கு ஒரு கம்ப்யூட்டர் கேம் பற்றி.

'கெர்பல் ஸ்பேஸ் புரோகிராம்' என்று பெயர். மெக்சிகோவில் ஸ்குவாட் என்ற நிறுவனம் செய்தது. 2011-ல் தலைகாட்டி, 2015-ல் முழுமையானது. பச்சை நிறக் குட்டி மனிதர்களுக்கு ராக்கெட் கட்டி விண்ணுக்கு அனுப்ப வேண்டும். சுட்டுத்தள்ளும் வேலையெல்லாம் கிடையாது.

முப்பத்து நான்கு வருடம் இயற்பியல் நடத்தியவன் நான். பேரன் ஒருநாள் கேட்டான்: "தாத்தா, ஒரே சுற்றுப்பாதையில முன்னாடி போற கலத்தைப் பிடிக்க என்ன செய்யணும்?" "வேகத்தைக் கூட்டணும்" என்றேன். சிரித்துவிட்டுச் செய்து காட்டினான். கூட்டினால் கலம் உயரமான பாதைக்குப் போய், சுற்றி வர அதிக நேரம் எடுத்து, இன்னும் பின்தங்கியது. குறைத்தால் தாழ இறங்கி, சுற்றைச் சீக்கிரம் முடித்து எட்டிப் பிடித்தது. ஆரம் குறைந்தால் திசைவேகம் கூடும் என்று கரும்பலகையில் நான் வருடா வருடம் எழுதிப்போட்ட அதே சூத்திரம்தான்! எனக்கே இந்த வயதில்தான் உறைத்தது. என்னிடம் படித்தவர்கள் பொறுத்தருள்க.

அதன் இரண்டாம் பாகத்தை வாங்க வேண்டும் என்பதுதான் வழக்கு. 2019 ஆகஸ்டில் அறிவித்தார்கள்; அப்போது இவன் ஐந்தாம் வகுப்பு. 2020-ல் வரும் என்றார்கள். தள்ளித் தள்ளி 2023 பிப்ரவரியில், அதுவும் 'எர்லி ஆக்சஸ்' என்று, அரைகுறையாக வந்தது. விலை 49.99 டாலர், அன்றைய கணக்கில் நாலாயிரம் ரூபாய்க்கு மேல். நல்ல கம்ப்யூட்டரிலும் திணறுகிறது என்று வாங்கியவர்கள் புலம்பினார்கள். 2024-ல் சியாட்டிலில் அதைச் செய்துகொண்டிருந்தவர்களுக்கு வேலை போயிற்று. இன்னும் கடையில் இருக்கிறது.

"முதல் பாகத்தையும் முடிக்காமத்தானே வித்தாங்க தாத்தா?" நியாயமான கேள்வி. நம் ஊர்க்காரனுக்குப் பூட்டை வைத்துச் சொன்னால்தான் புரியும். இன்றைக்குப் பூட்டு, அடுத்த மாதம் சாவி என்று பட்டறைக்காரர் சொன்னால், பட்டறையில் அரம் ராவும் சத்தம் கேட்கும்வரை நம்பலாம். முதல் பாகத்தில் அந்தச் சத்தம் கேட்டது. இங்கே பட்டறையையே சாத்திவிட்டார்கள்.

"வாங்கி 14 நாளுக்குள்ள, 2 மணி நேரத்துக்குக் குறைவா ஆடியிருந்தா ஸ்டீம்ல பணத்தைத் திருப்பிக் கேட்கலாம்" என்றான். முதல் ராக்கெட்டை ஒழுங்காக ஏற்றவே இவனுக்கு இரண்டு மணி நேரம் பற்றாது என்பது எனக்குத் தெரியும்.

வேண்டாம் என்று தீர்ப்புச் சொன்னேன். என் பென்ஷனிலிருந்து மாதாமாதம் கொடுத்ததை அவன் தகர டப்பாவில் சேர்த்த பணம். இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள் மொட்டை மாடியில், சிறுமலைப் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னான்: "இதுல வேற நட்சத்திரத்துக்கே போகலாம்னு சொன்னாங்க தாத்தா. அதுக்காகத்தான் கேட்டேன்."

அந்தப் பகுதி கடைசிவரை வரவே இல்லை. வராது என்று அவனுக்கும் தெரியும். ஐந்தாம் வகுப்பிலிருந்து காத்திருந்திருக்கிறான். நானோ ரூபாய்க் கணக்கு மட்டும் பேசியிருக்கிறேன். தீர்ப்பை மாற்றவில்லை. ஆனால் அன்றைக்கு அவனுக்குச் சொல்ல என்னிடம் பதில் இல்லை. மென்பொருள் வேலையில் இருக்கும் பிள்ளைகள் யாராவது இவனிடம் பேசினால் நல்லது.

நேற்று இரவு பழைய பாகத்திலேயே, நம் செவ்வாயைப் போன்ற டூனாவில் ஒரு குட்டி மனிதனை இறக்கிவிட்டான். திரும்பி வர எரிபொருள் இல்லை. மீட்புக் கலம் தயாராகிறது. எவ்வளவு எரிபொருள் ஏற்ற வேண்டும் என்ற கணக்கு என் மேஜைக்கு வந்திருக்கிறது.